கரம் போர்ட்டுக்கு அந்தப் பக்கம் யார் உட்காருவது?



கொஞ்சம் நீளமான பதிவு. இஷாவுக்குப் பிறகு ஆறுதலாக வாசியுங்கள். உச்சமுனையில் இருப்பவர்களும், இங்கே பிறந்து புத்தளம், கொழும்பு, கட்டார் என்று போனவர்களும் வாசிக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறோம். "நாங்கள்" என்று எழுதுவது பெருமைக்காக அல்ல. இதில் சொல்லப்போகும் பிழையில் எங்கள் ஆசிரியர் அறையில் இருந்த எல்லோருக்கும் பங்கு இருக்கிறது. ஒருவர் தலையில் மட்டும் போட முடியாது.

போன கிழமை ஒரு வாப்பா பாடசாலைக்கு வந்தார். கடலால் வந்த கையோடு வந்திருந்தார். சாரத்தில் இன்னும் ஈரம். மகள் பத்தாம் ஆண்டு படிக்கிறாள். கரம் போட்டியில் கீழ்ப் பிரிவில் வலய மட்டத்தில் முதலாம் இடம் எடுத்தவள். வயது கூடுவதால் இனி மேல் பிரிவில் ஆட வேண்டும். கதிரை கொடுத்தோம், அவர் உட்காரவில்லை.

"சேர், புள்ள பெரிசாகிட்டா. சின்னதுல விளையாடினது சரி. இனி போதும். பேரை வெட்டிடுங்க."

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பதில் வரவில்லை. ஏனென்றால் மூன்று வருடத்துக்கு முன் அவருடைய மூத்த மகனிடம் இதே வசனத்தைச் சொன்னவர்கள் நாங்கள்தான். "சின்ன வயசு விளையாட்டு. இனி போதும். வாப்பாவுக்கு உதவியா இரு." அன்றைக்கு நல்ல புத்தி சொன்னதாகவே நினைத்தோம்.

அந்தப் பிள்ளையின் கதையை முதலில் சொல்ல வேண்டும்.

2019இல் அவனுக்குப் பதின்மூன்று வயது. கணிதத்தில் சுமார், தமிழில் சுமார், பிந்தி வருவதில் முதலாம் இடம். ஆனால் கரம் போர்ட்டுக்கு முன்னால் உட்கார்ந்தால் வேறு ஆள். எங்களிடம் இருந்தது ஒரே ஒரு போர்ட். பாடசாலைக்கு யாரோ நன்கொடையாகக் கொடுத்தது. நடைபாதையில் இரண்டு மேசையைச் சேர்த்து அதன் மேல் வைத்திருந்தோம். இடைவேளையில் அவன் ஆடினால் மேல் வகுப்புப் பெடியன்மாரும் சுற்றி நிற்பார்கள். நேராக இருக்கும் காயை எல்லோரும் போடுவார்கள். இவன் பின்பக்கத்து மரத்தில் அடித்துத் திரும்பி வரும் வேகத்தில் தன் பக்கத்துக் காயைக் குழியில் போடுவான். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அந்த வருடம் வலய மட்டத்தில் அவன் பிரிவில் அவன்தான் முதல்.

அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்கும் தெரியும். 2020 மார்ச்சில் பாடசாலைகளை மூடினார்கள். திறந்தார்கள், பிறகும் மூடினார்கள். போட்டிகள் இல்லை. பெரியவர்களுக்கு அது இரண்டு வருடம் மட்டும்தான். இளையோர் பிரிவில் ஆடும் பிள்ளைக்கு இரண்டு வருடம் என்றால் அந்தப் பிரிவே முடிந்துபோகிறது. பதின்மூன்றில் வென்றவன், கண்ணை மூடித் திறப்பதற்குள் பதினாறு.

2022 பெப்ரவரியில் பெய்ஜிங்கில் குளிர்கால ஒலிம்பிக் நடந்தது. ஒரு சேரின் போனில் ஒரு வீடியோ வந்தது. கேர்லிங் என்று ஒரு விளையாட்டு. ஐஸ் தரையில் ஒருவர் கல்லொன்றை மெதுவாகத் தள்ளிவிடுகிறார். இரண்டு பேர் அதற்கு முன்னால் தும்புத்தடி மாதிரி ஒன்றை வைத்துத் தேய்த்துக்கொண்டே ஓடுகிறார்கள். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "சேர், அந்த நாட்டுல ஐஸைக் கூட்டவும் ஆள் வெச்சிருக்காங்களா?"

அவன் மட்டும் சிரிக்கவில்லை. போனை வாங்கி இன்னொரு தடவை பார்த்தான். "சேர், இது பெரிய கரம். மற்றவன்ட காயை அடிச்சித் தள்ளுறதும், தன்ட காய்க்கு முன்னால இன்னொன்டைக் காவல் வைக்கிறதும் ஒன்டுதான்."

அவன் சொன்னது சரிதான். பிறகு நாங்களும் தேடி வாசித்தோம். கேர்லிங் கல் கருங்கல்லால் செய்தது, ஏறக்குறைய 20 கிலோ. ஐஸ் தளம் 45 மீற்றர் அளவு நீளம். ஒரு சுற்றில் ஒரு அணிக்கு எட்டுக் கல். தூரத்தில் வரைந்திருக்கும் வட்டத்தின் நடுவுக்கு யாருடைய கல் கிட்ட நிற்கிறதோ அவர்களுக்குத்தான் புள்ளி. எங்கள் கரம் போர்ட் 74 செண்டிமீற்றர் சதுரம். ஸ்ட்ரைக்கர் 15 கிராமுக்கு மேல் போகக்கூடாது. அங்கே ஐஸ், இங்கே பவுடர். இரண்டிலும் கையை விட்டுப் போனதைத் திரும்பப் பிடிக்க முடியாது.

அந்த ஒலிம்பிக் இறுதிப் போட்டியில் பிரித்தானிய அணிக்குத் தலைவர் புரூஸ் மோவட், ஸ்கொட்லாந்துக்காரர். 2016இல், 21 வயதில், உலக இளையோர் கேர்லிங் போட்டியில் தங்கம் வென்ற அணிக்கும் அவர்தான் தலைவர். இளையோர் பிரிவில் அதுதான் கடைசி வயது. அதற்கு மேல் ஆண்கள் பிரிவு. அங்கே எதிரில் நிற்பவர்கள் பத்து, பதினைந்து வருடம் ஆடிப் பழகியவர்கள். மோவட் 2018இல் முதன்முதலாக ஆண்களின் உலகப் போட்டிக்குப் போய் வெண்கலம் எடுத்தார். 2022 ஒலிம்பிக் இறுதியில் மேலதிகச் சுற்று வரை போய் சுவீடனிடம் 5க்கு 4 என்று தோற்றார். 2023இல்தான் ஆண்களின் உலகச் சம்பியன் ஆனார். இளையோர் தங்கத்துக்கும் இதற்கும் இடையில் ஏழு வருடம்.

அந்த ஏழு வருடமும் அவருக்குப் பனித்தளம் இருந்தது, பயிற்றுநர்கள் இருந்தார்கள், கூட ஆட அணி இருந்தது. வெண்கலத்தோடு திரும்பி வந்தபோது "இனி போதும்" என்று யாரும் பேரை வெட்டவில்லை.

எங்கள் பிள்ளைக்கு ஏழு மாதம்கூட நாங்கள் கொடுக்கவில்லை.

2022 மே மாதம் அவன் ஓஎல் எழுதினான். அது எப்படிப்பட்ட வருடம் என்று சொல்லத் தேவையில்லை. எண்ணெய் வரிசையில் கான்களை அடுக்கிவிட்டு அங்கேயே படுத்துக் கிடந்தோம். ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்குப் போனது. இஞ்சின் போட்டை நம்பி வாழும் வீடுகளில் அந்த ஒரு நாளில் அடுப்பின் கணக்கே மாறிப்போனது. கூலிக்கு ஆள் வைக்க முடியாமல் வாப்பாமார் சொந்தப் பிள்ளைகளைக் கடலுக்கு ஏற்றினார்கள். இவனும் ஏறினான். அதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது.

அந்த வருடக் கடைசியில் மாவட்டத்தில் ஒரு இடத்தில் திறந்த போட்டி ஒன்று நடப்பதாகக் கேள்விப்பட்டு எங்களிடம் வந்தான். வயதுப் பிரிவு கிடையாது. ஆண்கள் எல்லோரும் ஒரே பட்டியலில். "சேர், ஒரு தடவை போய்ப் பார்க்கட்டா?" என்றான். எங்களில் ஒருவர் கூட்டிக்கொண்டு போனார். காலையில் படகு, பிறகு கற்பிட்டியிலிருந்து பஸ்.

முதல் சுற்றிலேயே தோற்றான். எதிரில் இருந்தவருக்கு நாற்பது வயது இருக்கும், கண்ணாடி போட்ட மனிதர். சத்தமே இல்லாமல் ஆடினார்.

சின்னப் பிள்ளைகள் ஆடும் கரத்துக்கும் பெரியவர்கள் ஆடும் கரத்துக்கும் என்ன வித்தியாசம் என்று அன்றுதான் கண்ணால் பார்த்தோம். பிள்ளைகள் ஆடும்போது யார் முதலில் ஒன்பது காயையும் போடுகிறாரோ அவர்தான் வெற்றி, அவ்வளவுதான். பெரியவர்கள் போட முடியாத காயைப் போடப் போவதில்லை. எதிராளியின் காயைக் கொண்டுபோய் ஒரு மூலையில் அடைத்துவிடுவார்கள். தங்கள் காயைக் குழி வாசலில் வைத்துவிட்டுக் காத்திருப்பார்கள். சிவப்பை எடுத்தால் மூன்று புள்ளி. ஆனால் அடுத்த அடியில் சொந்தக் காய் ஒன்றையும் போட்டு அதை உறுதி செய்ய வேண்டும், இல்லாவிட்டால் சிவப்பு திரும்ப நடுவுக்கு வந்துவிடும். அந்த அடுத்த அடி கையில் இல்லாவிட்டால் பெரியவர்கள் சிவப்பைத் தொட மாட்டார்கள். 25 புள்ளி, அல்லது எட்டு போர்ட் வரை ஆட்டம் போகும். அவசரப்படுபவன் மூன்றாவது போர்ட்டிலேயே களைத்துப்போவான். இவன் அவசரப்பட்டான்.

இன்னொரு விஷயமும் இருந்தது. எங்கள் போர்ட் கடற்காற்றில் ஊறியது. உப்புக் காற்றில் பலகை ஈரத்தை இழுத்து லேசாக ஊதிப்போயிருந்தது. எவ்வளவு பவுடர் போட்டாலும் காய் இழுத்து இழுத்துத்தான் போகும். அதனால் இவன் பலமாக அடித்தே பழகியவன். அங்கே இருந்தது கண்ணாடி மாதிரியான போர்ட். இவன் அடித்த அடிக்குக் காய் குழி வாசலில் மோதித் திரும்பி வந்தது. ஸ்ட்ரைக்கர் நேரே குழிக்குள் போனது. ஃபவுல், திரும்பவும் ஃபவுல். ஒவ்வொரு ஃபவுலுக்கும் போட்ட காயில் ஒன்றை எடுத்துத் திரும்ப வைக்க வேண்டும்.

திரும்பி வரும் வழியில் படகில் அவன் கேட்டது இப்போதும் காதில் நிற்கிறது. "சேர், பெரியவங்களோட ஆடிப் பழகினா நான் வருவேன் சேர். நம்ம ஊர்ல யாராவது ஆட வருவாங்களா?"

அந்த நாட்களில் ஊரில் கரம் பற்றி ஒரு பேச்சும் ஓடிக்கொண்டிருந்தது. சில வாடிகளில் பெடியன்மார் காசு வைத்து ஆடினார்கள். மஃரிப் பாங்கு சொல்வதும் காதில் விழாமல் ஆடினார்கள். பெரியவர்கள் கோபப்பட்டது நியாயம். பந்தயம் ஹராம், அதில் இரண்டாவது பேச்சு இல்லை. தொழுகையை மறக்கடிக்கும் விளையாட்டும் நல்லதல்ல. ஆனால் நாங்கள் என்ன செய்தோம்? பெரியவர்களிடம் போய், "பந்தயத்தை நிறுத்துவோம், தொழுகை நேரத்தில் போர்ட்டை மூடுவோம், பாடசாலையில் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வம்பு வேண்டாம் என்று பாடசாலை போர்ட்டைக் களஞ்சிய அறையில் கொண்டுபோய் வைத்தோம். அவனிடம் "இனி போதும்" என்றோம்.

அவன் ஒன்றும் சொல்லவில்லை. "சரி சேர்" என்றுவிட்டுப் போனான். கலாசாலையில் பிள்ளை உளவியல் படித்தோம். பரீட்சையில் நல்ல புள்ளியும் எடுத்தோம். "சரி சேர்" என்று ஒரு பிள்ளை சத்தமில்லாமல் சொல்லிவிட்டுப் போனால் அதற்கு என்ன பொருள் என்பது எங்கள் மூளைக்கு எட்டவில்லை.

இரண்டு வருடம் போனது. 2024 நவம்பரில் எல்லோருடைய போனிலும் ஒரு செய்தி சுற்றியது. அமெரிக்காவில் நடந்த 6ஆவது கரம் உலகக் கிண்ணத்தில் சென்னையைச் சேர்ந்த காசிமா மூன்று தங்கம் வென்றார். தனிநபர், இரட்டையர், அணி. வயது 17. வடசென்னையில் புது வண்ணாரப்பேட்டை. வாப்பா ஆட்டோ ஓட்டுபவர். மகளுக்குக் கரம் பழக்கியவரும் அவர்தான். தமிழ்நாட்டு அரசு அந்தப் பிள்ளைக்கு ஒரு கோடி இந்திய ரூபாய் பரிசு கொடுத்தது.

"மாஷா அல்லாஹ்" என்று நாங்களும் பகிர்ந்தோம். நூறு பேர் லைக் போட்டார்கள். களஞ்சிய அறையில் போர்ட் அப்படியே கிடந்தது.

ஒரு கோடியை விட எங்களை யோசிக்க வைத்தது வேறொரு விஷயம். அந்த இந்திய அணியில் ரஷ்மி குமாரியும் இருந்தார். 2012இல் கொழும்பில் நடந்த உலகச் சம்பியன்ஷிப்பில் பெண்கள் பட்டம் வென்றவர் அவர். அப்போது காசிமா பாலர் வகுப்பு வயதுப் பிள்ளை. பன்னிரண்டு வருடத்தில் அந்தப் பிள்ளை, அதே ரஷ்மி குமாரியோடு ஒரே அணியில் உட்காரும் அளவுக்கு வந்துவிட்டது. கை மட்டும் நன்றாக இருந்தால் அது நடக்காது.

சென்னையில் அதற்கு ஒரு பழைய பாதை இருக்கிறது. சர்வதேச கரம் சம்மேளனம் 1988இல் அந்த நகரத்தில்தான் தொடங்கியது. மரிய இருதயம் அந்த ஊர்க்காரர். 1991இலும் 1995இலும் உலகச் சம்பியன். 1996இல் இந்திய அரசு அவருக்கு அர்ஜுனா விருது கொடுத்தது. அப்படிப்பட்டவர்கள் வாழும் ஊரில் சின்னப் பிள்ளை போர்ட்டுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தால் அந்தப் பக்கம் உட்காரப் பெரிய ஆள் ஒருவர் இருப்பார். தோற்கடிப்பார், ஏன் தோற்றாய் என்று சொல்லிக்கொடுப்பார், நாளைக்கும் வா என்பார். 2025 டிசம்பரில் மாலைதீவில் நடந்த அடுத்த உலகக் கிண்ணத்திலும் மூன்று தங்கத்தோடு திரும்பியவர் வடசென்னைப் பிள்ளைதான், பெயர் கீர்த்தனா. ஊர் காசிமேடு. காசிமேடு என்றால் மீன்பிடித் துறைமுகம், உறவுகளே. நம்மைப் போல மீன் வாடையும் வலையும் உள்ள இடம்.

நம் நாட்டிலும் ஆள் இல்லாமல் இல்லை. 2012இல் கொழும்பில் நடந்த அதே போட்டியில் ஆண்கள் பிரிவில் உலகச் சம்பியனானவர் இலங்கையின் நிசாந்த பெர்னாண்டோ. இந்தியாவைத் தாண்டி இந்த நாட்டில் ஒருவர் அந்தப் பட்டத்தை எடுத்தார். எங்கள் பாடசாலையில் எத்தனை பிள்ளைக்கு அந்தப் பெயர் தெரியும் என்று போன கிழமை கேட்டோம். ஒரு கையும் உயரவில்லை. பிள்ளைகளில் பிழை இல்லை. எங்களுக்கே தேடித்தான் தெரிந்தது.

இனி தங்கைக்கு வருகிறோம்.

அவள் கரம் பழகியது பாடசாலையில் இல்லை. எங்கள் போர்ட் களஞ்சிய அறையில் கிடந்த காலத்தில், நானா கடலால் வந்து தூங்கி எழும்பிய பிறகு, வீட்டு வளவில் ஒரு பலகையில் பழகியிருக்கிறாள். கொழும்பில் யாரோ வீசிய பழைய போர்ட்டை அவன் வாங்கி வந்து, மணல் கடதாசியால் தேய்த்து, மழைக்கும் காற்றுக்கும் படாமல் உரப் பையால் சுற்றி வைத்திருக்கிறான். இது எங்களுக்குத் தெரியவே தெரியாது. புதிதாக வந்த டீச்சர் ஒருவர் போர்ட்டை வெளியே எடுத்துப் போட்டிக்குப் பெயர் கேட்டபோது இவள் கை உயர்த்தினாள். வலயத்தில் வென்ற பிறகுதான் "யாரிட்டப் பழகின?" என்று கேட்டோம். "நானாட்ட" என்றாள்.

வாப்பா வந்து போன அடுத்த நாள், அஸருக்குப் பிறகு நாங்கள் அவர்கள் வீட்டுக்குப் போனோம். டீச்சரும் வந்தார். கச்சான் காற்றுத் தொடங்கிவிட்டது, கூரைத் தகரம் அடித்துக்கொண்டே இருந்தது. உம்மா பிளேன்டி ஊற்றித் தந்தார். வாப்பா தன் பக்கத்தைச் சொன்னார். அவர் சொன்னதில் ஒன்றும் பொய் இல்லை. மாகாண மட்டம் என்றால் தூரப் பயணம். இங்கிருந்து விடியமுன் படகில் போக வேண்டும், சில நேரம் ஒரு இரவு தங்கவும் வேண்டும். காற்றுக் காலத்தில் படகுப் பயணத்துக்கு உத்தரவாதம் கிடையாது. ஊர் பேசும். நாளைக்கு ஒரு சம்பந்தம் வரும்போது "போட்டி போட்டியென்டு திரிஞ்ச புள்ள" என்பார்கள். "நீங்க ரெண்டு வருஷத்துல மாற்றம் கிடைச்சிப் போயிடுவீங்க சேர். நாங்கதான் இஞ்ச இருக்கணும்."

அந்தக் கடைசி வார்த்தை நன்றாகக் குத்தியது. உண்மை என்பதால்தான் குத்தியது.

நாங்கள் காசிமாவின் கதையைச் சொன்னோம். ஆட்டோக்கார வாப்பாவின் கதையைச் சொன்னோம். அவர் கேட்டார். மரியாதைக்குத் தலையாட்டினார். மாறியதாகத் தெரியவில்லை. "அது சென்னை சேர்" என்றார்.

அப்போது மூத்தவன் வந்தான். கையில் வலைக்கயிறு கிழித்த காயம். எங்களைக் கண்டதும் எழும்பி நிற்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. வாசலிலேயே நின்றான். வாப்பாவைப் பார்த்துத்தான் பேசினான்.

"வாப்பா, அன்டைக்கு நான் தோத்தது அந்த ஆளுக்கு இல்ல. போர்ட்டுக்கு. நம்ம போர்ட் இழுக்கும், அங்கத்தய போர்ட் ஓடும். அதை எனக்குச் சொல்லித்தர ஒருத்தரும் இருக்கல்ல. இவளுக்கு நான் இருக்கேன்."

பிறகு எங்களைப் பார்த்தான். "சேர், நீங்க போதும் என்டு சொன்ன நேரம் எனக்குக் கோபம் வரல்ல. இன்னொரு தடவை கேட்டுப் பாருங்க என்டு நீங்க சொல்லுவீங்க என்டு நினைச்சேன்."

எங்களில் ஒருவராலும் பேச முடியவில்லை. டீச்சர் மட்டும் "பிழை எங்கட, மகன்" என்றார். அவன் சங்கடப்பட்டு, "இல்ல டீச்சர், அப்படி இல்ல" என்று உள்ளே போய்விட்டான்.

வாப்பா நிறைய நேரம் ஒன்றும் பேசவில்லை. மஃரிபுக்கு நேரமாகும்போது சொன்னார். "பேரை இப்ப வெட்ட வாணாம். வீட்டுல ஆடட்டும். போறதைப் பிறகு பார்ப்போம்." அவ்வளவுதான். ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. இந்தப் பதிவை எழுதும் இன்றும் நிலைமை அதுதான். நல்ல முடிவாகச் சொல்லி முடிக்க எங்களுக்கும் ஆசைதான். ஆனால் நடக்காததை எழுத முடியாது.

உறவுகளே, எங்கள் பிள்ளைகளிடம் கை இருக்கிறது. கண் இருக்கிறது. பத்து, பன்னிரண்டு வயதில் கிண்ணமும் எடுத்து வருகிறார்கள். அதைப் படம் எடுத்துப் போடுகிறோம். பதினைந்து வயதில் அவர்கள் காணாமல் போகிறார்கள். ஆண் பிள்ளை கடலில் காணாமல் போகிறான், பெண் பிள்ளை வீட்டுக்குள் காணாமல் போகிறாள். சின்னவர்களின் போட்டிக்கும் பெரியவர்களின் போட்டிக்கும் நடுவில் இருக்கும் அந்த இரண்டு மூன்று வருடத்தில் நம்மில் ஒருவரும் அவர்களோடு இல்லை. மோவட்டுக்கு அங்கே ஏழு வருடம் ஆட்கள் இருந்தார்கள். காசிமாவுக்கு வாப்பாவே இருந்தார். நம் பிள்ளைக்கு நாங்கள் இருக்கவில்லை.

பிள்ளைகள் எல்லோரும் உலகச் சம்பியனாக வேண்டும் என்று எழுதவில்லை. கடலுக்குப் போவது கேவலம் என்றும் எழுதவில்லை, ஊரே அந்தச் சோற்றைத்தான் சாப்பிடுகிறது. ஒரு பிள்ளை தானாகப் போதும் என்று சொன்னால் அது வேறு. நாங்கள் போதும் என்று சொல்லி நிறுத்துவது வேறு.

அதனால் பணம் கேட்கவில்லை. நான்கு விஷயம் கேட்கிறோம்.

ஒன்று, ஊரில் முன்பு நன்றாகக் கரம் ஆடிய பெரியவர்கள் இருக்கிறீர்கள், எங்களுக்குத் தெரியும். கிழமையில் ஒரு நாள், ஒரு மணித்தியாலம், பாடசாலைக்கு வந்து பிள்ளைகளுக்கு எதிரில் உட்காருங்கள். விட்டுக்கொடுக்க வேண்டாம். தோற்கடியுங்கள். ஏன் தோற்றது என்று மட்டும் சொல்லிக்கொடுங்கள்.

இரண்டு, உப்புக் காற்றுப் படாத ஒரு அறை வேண்டும். கடல் பக்கம் யன்னல் இல்லாத சின்ன அறை போதும். போர்ட் காய்ந்து இருந்தால்தான் பிள்ளைகளின் கை வெளியூர் போர்ட்டுக்குப் பழகும்.

மூன்று, பந்தயம் இல்லை. பாங்கு சொன்னால் போர்ட் மூடப்படும். இதற்கு நாங்கள் பொறுப்பு. பள்ளிவாசல் பெரியவர்கள் எந்த நேரமும் வந்து பார்க்கலாம். மூன்று வருடத்துக்கு முன்னமே உங்களிடம் வந்து இதைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாததற்கு மன்னிப்புக் கேட்கிறோம்.

நான்கு, பெண் பிள்ளைகள் போட்டிக்குப் போகும்போது டீச்சர் கூடவே போவார். வீட்டிலிருந்தும் ஒருவர் வரலாம். ஊரில் உள்ள உம்மாமாரில் இன்னும் இரண்டு பேர் துணைக்குப் போனால் எந்த வாப்பாவுக்கும் பயம் இருக்காது. ஊர் பேசும் என்று அவர் பயப்படுகிறார். அந்த ஊர் நாம்தானே. நாம் பேசாமல் இருந்தால் போதும்.

நேற்று நாங்கள் களஞ்சிய அறையை ஒதுக்கினோம். பழைய போர்ட்டை வெயிலில் காய வைத்தோம். ஒரு பக்கம் ஊதியிருப்பது ஊதியதுதான், அது சரிவராது. குழி வலையில் இரண்டு அறுந்திருந்தன. பாடசாலை விட்ட பிறகு மூத்தவன் வந்து பார்த்தான். "வலையை நான் கட்டித் தாறேன் சேர், அது நம்ம வேலை தானே" என்று சிரித்தான். நைலோன் நூலால் இரண்டு குழிக்கும் முடிந்து கொடுத்தான். பிறகு ஒன்பது வெள்ளை, ஒன்பது கறுப்பு, நடுவில் சிவப்பு என்று அடுக்கி, ஏழாம் ஆண்டுப் பெடியன் ஒருவனைக் கூப்பிட்டு எதிரில் உட்கார வைத்தான். பெடியன் பலமாக ஓங்கினான்.

"மெல்ல," என்றான் மூத்தவன். "பெரியவங்களோட ஆடுற நேரம் மெல்ல அடிக்கணும்."

வியாழக்கிழமை பின்நேரம் மூன்றரைக்குப் போர்ட் திறந்திருக்கும். அந்தப் பக்கத்துக் கதிரைக்கு ஆள் தேவை. முடிந்தவர்கள் வாருங்கள். இன்ஷா அல்லாஹ், பிளேன்டி எங்கள் செலவு.

துஆ செய்யுங்கள். வஸ்ஸலாம்.